நீ கிக்கர்

பெட்டியின் மேல் அச்சடித்திருந்த பெயர் அதுதான்.
முதல் நாள் முபாரக் எழுத்துக் கூட்டிப் படித்தபோது
என்னைத்தான் சொல்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன்.
நீ இல்லடா, முட்டி.
இங்கிலீஷில் நீ என்றால் முட்டி என்றான்.
அன்றிலிருந்து உன்னை
நீ என்றே கூப்பிடுகிறேன்.

ஒரு முழம் இரும்பு. கழுத்து நீளும், குறுகும்.
முன்னால் பல். பின்னால் ரெக்ஸின் மெத்தை,
என் வியர்வை பட்டு ஓரம் வெளுத்தது.
உன் தலையில் ஒரு திருகு.
கூடத் திருகினால் அடியிலிருக்கும் ஃபோமையும் சேர்த்துக் கவ்வுவாய்,
குறைத்தால் மேல்நூலை மட்டும் பிய்த்துக்கொண்டு வருவாய்.
நடுவில் எங்கேயோ நிற்க வேண்டும்.
அது கைக்குத் தெரியும். என்னைக் கேட்டால் தெரியாது.

இடிக்க வேண்டியது முட்டிச்சிப்பியால் அல்ல,
நாலு விரல் மேலே, தொடைச்சதையால்.
ராத்திரி பன்னிரண்டு வரை ஒழுங்காகத் தொடையால்தான் இடிப்பேன்.
அதற்குப் பிறகு எங்கே படுகிறதோ.
ஓர் இடிக்குக் கம்பளம் அரை அங்குலம் நகரும்,
சுவரோர ஆணிப்பட்டையில் போய் மாட்டிக்கொள்ளும்.

பௌரிங் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
ஃபுட்பால் ஆடுவீங்களா என்றார்.
ஆமாம் மேடம், நைட் மேட்ச்.
எந்த டீமுக்கு என்று கேட்கவில்லை.
மாத்திரை எழுதினார்.
ஞாயிறு பூசையில் எல்லோரும் முழந்தாளிடும்போது
நான் தூண் பக்கம் நிற்கிறேன்.

சனிக்கிழமை. ரிச்மண்ட் ரோடு, எட்டாவது மாடி, போர்டு ரூம்.
ஆபீஸ் காலியான பிறகுதான் எங்களுக்குக் கதவு.
பழைய கம்பளத்தை முபாரக் மூலையிலிருந்து உரித்தான்,
ஆட்டுத்தோல் மாதிரி, ஒரே இழுப்பு.
ஃபோமைச் சுருட்டினோம்.
சிமெண்ட் தரையில் பென்சில் எழுத்து.

அளவு என்று நினைத்தேன். 22 அடி 4 அங்குலம்,
ஓர் அம்புக்குறி, சரிதான்.
ஜன்னல் பக்கம் தமிழில் இருந்தது:
அமலதாஸ் 11 ராத்திரி
வாங்கியது 1500
பாக்கி
பாக்கியை எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கீழே இரண்டு கோடு.
அதன் கீழ் வேறு கை:
நிரஞ்சன் சார் திங்கள் தருவார்.
அதற்கும் கீழே உருதுவில் ஒரே ஒரு வார்த்தை.
முபாரக் படித்தான். சிரித்தான்.
எனக்குச் சொல்லவில்லை.

எந்தத் திங்கள் என்று போடவில்லை.
கம்பளத்துக்கு வயது பத்தாவது இருக்கும்.
நிரஞ்சன் சார்தான் எங்களுக்கும் சார்.

சுவரில் எழுதினால் பெயிண்ட் அடித்துவிடுவார்கள்.
நோட்டில் எழுதினால் பையன் ராக்கெட் விடுவான்.
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தேன்.
சவரியப்பன் 6 ராத்திரி
பாக்கி 8400
டீக்காசு நாற்பதையும் போடு என்றான் முபாரக்.
போட்டேன்.

பிறகு புது ஃபோம். புதுக் கம்பளம், மழைமேக நிறம்.
பிறகு நீ.
கவ்வு, இடி, மாட்டு. கவ்வு, இடி.
ஜன்னல் பக்கம் வந்தபோது கொஞ்சம் மெதுவாக இடித்தேனோ என்னவோ,
அங்கே மட்டும் தளர்ந்தது.
திரும்ப வந்து நாலு இடி கூடக் கொடுத்தேன்.
விடிந்ததும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன்.
ஒரு சுருக்கமில்லை.

திங்கள் காலை மிச்சத் துண்டுகளை எடுக்கப் போனோம்.
நிரஞ்சன் சார் கம்பெனி ஆட்களோடு உள்ளே வந்தார்.
நேரே ஜன்னலுக்குப் போய்,
நோடி சார், ஃபினிஷிங் நோடி என்று
ஷூவின் குதிகாலைத் தேய்த்துக் காட்டினார்.
அமலதாஸ் மேல். என் மேல். டீக்காசின் மேல்.
தடுக்கி விழுவார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.
தடுக்கவில்லை.
எப்படித் தடுக்கும்.

தோளில் தொங்கிய பைக்குள்ளிருந்து உன் பல்
துணியைத் தாண்டி என் விலாவைக் குத்தியது.
சும்மா இரு என்றேன்.