பேட்டரி

அறுபத்திரண்டு பெண்கள், ஒரு டேப் ரெக்கார்டர்,
என் கையில் ஒரு பென்சில்.
ஜூலைக் குளிர். அந்தனனாரிவோவின் தாழ்ந்த பக்கம்.
அறுப்பு முடிந்த வயலை வெட்டிச்
செங்கல் சுடுகிறார்கள்,
மைதானத்தில் பாதி புகை.

காலையில் எடை, உயரம்.
பிறகு நின்ற இடத்திலிருந்து எம்பி
சுவரில் சுண்ணாம்புக் கை பதித்தார்கள்.
லாலத்தியானாவின் கை ஜன்னலுக்கும் மேலே,
இன்னும் ஈரமாய் இருக்கிறது.
பத்து மீட்டர் ஓட்டம்.
வலப்பக்கம் பத்துப் பந்து, இடப்பக்கம் பத்து,
தொங்கும் டயருக்குள் போனதே கணக்கு.
மணல் மூட்டையைத் தோளால் மோதிச் சாய்க்கையில்
தலை எந்தப் பக்கம் விழுகிறதென்று பார்த்து
ஹெரிலாலா ‘சரி’ என்பார்,
அல்லது ஒன்றும் சொல்லமாட்டார்.
ஒன்றும் சொல்லாததற்கு நான் பூஜ்யம் போடுவேன்.

மதியம் அந்த ஓட்டம்.
இருபது மீட்டர், இரண்டு கோடு, நடுவே ஒரு பீப்.
பீப் வருமுன் கோட்டைத் தொடு,
பீப் வந்தபின் திரும்பு.
படிக்குப் படி இடைவெளி சுருங்கும்.
முதல் கும்பல் ஏழில் உதிர்ந்தது.
இரண்டாவது, எட்டில்.

மூன்றாவதில் ஓர் அதிசயம்.
எல்லாருக்கும் கால் முளைத்துவிட்டது.
பத்து, பதினொன்று. பன்னிரண்டில் ஏழு பேர்
மூச்சுக்கூட வாங்காமல்.
ஹெரிலாலா என் முதுகில் தட்டினார்:
“எழுது, எழுது!”

நாற்பத்தொன்றாம் எண் மட்டும் முந்திக்கொண்டே இருந்தாள்.
ஒலிக்கு முன்பே திரும்பினாள்.
ஒரு எச்சரிக்கை. மறுபடி திரும்பினாள். இரண்டு.
“வுவாஹிரானா, வெளியே!”
வெளியே வந்து, கோபமில்லாமல்,
டேப்பை ஒரு பார்வை பார்த்தாள்,
கணக்கில் பிசகிய கடைக்காரனைப் பார்ப்பதுபோல.
“இது தூங்குது” என்றாள்.

அப்போதுதான் கேட்டேன்.
பீப் பீப்பாக இல்லை.
ஜலதோஷம் பிடித்திருந்தது அதற்கு,
அடித்தொண்டையிலிருந்து முனகியது.
கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன்:
அதன் ஒரு நிமிடம்
என் கையில் எழுபத்தொரு வினாடி.

முதல் இரண்டு கும்பல் ஓடும்போது
செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து
வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள் இவள்.
அங்கேயே ஏறியிருக்கிறது அந்தத் தாளம்,
எங்கேயோ, காதிலோ கணுக்காலிலோ.
மெஷின் தளர்ந்தபோது
இவள் தளரவில்லை.
விதிப்படி அதற்கு நான்
இரண்டு எச்சரிக்கை எழுதியிருந்தேன்.

பன்னிரண்டு வாங்கியவர்கள்
ஒருத்தியை ஒருத்தி தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.
போய்ச் சொன்னது நான்தான்.
அந்த முகங்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

என் காசில் நான்கு பேட்டரி.
வெயில் சாய்ந்தபின் மறு ஓட்டம்.
களைத்த கால்களுக்கு ஆறு, ஏழு, ஆறு.
இப்போது கதை எப்படிப் போகும் என்று
உங்களுக்கு ஓர் ஆசை இருக்கும்,
எனக்கும் இருந்தது.
நாற்பத்தொன்று: ஏழரை.
எம்பியதும் சுமார். பத்து மீட்டரும் சுமார்.
டயருக்குள் இருபதில் பதினொன்று.
ஒவ்வொரு கோட்டையும் ஒலியோடு ஒலியாய்த் தொட்டாள்,
முன்னும் இல்லை, பின்னும் இல்லை.
பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தாளில் அதற்கு இடமில்லை.
ஸ்கேல் வைத்து, ஓரத்தில்
மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டேன்.
புதுக் கட்டம். தலைப்பு வைக்கவில்லை.
அறுபத்தொரு பேருக்கு வெறுமை,
ஒருத்திக்கு ஒரு டிக்.

பஸ்ஸில் தாளைப் புரட்டிய ஹெரிலாலா
விரலை அதன்மேல் வைத்தார்.
“இது என்ன?”
பந்து வரும் முன்பே
பந்து வருமிடத்தில் நிற்கிறவர்களை
அவரும் பார்த்திருப்பார், விளையாடிய காலத்தில்.
“பெயர் தெரியவில்லை” என்றேன்.
“அழித்துவிடவா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
ஒன்றும் சொல்லவில்லை.
இந்த முறை நான் பூஜ்யம் போடவில்லை.