அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில்
அந்தக் கோடு.
அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்,
உறவுமுறை, இலக்கம்.

அம்மாவுக்கு இன்றைக்கும் எனக்குக் கணக்கியல் வகுப்பு.
அண்ணன் கட்டாரில், அழைத்தால் ஏசுவான்.
நிலூக்க பக்கத்திலேயே ஸ்பனரோடு நிற்கிறான்,
அவனை எதற்கு அழைப்பது?
பின்னால் வரிசை நெளிந்தது.
மேசைக்காரர் பேனையால் தட்டினார்.
என் இலக்கத்தையே எழுதினேன்.
உறவுமுறை: சொந்தம்.

எண்பத்தைந்து சீசீ, மூன்று கை மாறியது.
வெலிமடையில் இல்ஹாம் நானாவின் கடைக்குப் பின்னால்
கோழிக்கூட்டில் சாய்ந்து கிடந்தது.
சீட்டுக் காசு முழுதும் போயிற்று,
அது போதாமல் ஒரு சோடித் தோடும்.
விளக்கில்லை, ஹோர்ன் இல்லை, இலக்கத் தகடில்லை.
ரோட்டில் ஏறினால் பொலிஸ் பிடிக்கும் பிறவி.
எங்கே போனாலும் லொறியில்தான் போகும்,
விற்கப்போகும் மாடு மாதிரி.

அரியதாசவின் உருளைக்கிழங்குக் காணி
அறுவடைக்கும் அடுத்த நடுகைக்கும் நடுவில்
பதினொரு நாள் சும்மா கிடந்தது.
உழுத கூலி அவர் தரமாட்டார்,
ஓடின வாடகை நாங்கள் தரமாட்டோம்.
கைகுலுக்கினோம்.

பாத்தி பாத்தியாய் நின்ற மண்ணில்
உட்கார்ந்து ஓட்டினால் முதுகு போகும்.
எழும்பி நில், முழங்காலைத் தளர்த்து,
வண்டி தன்பாட்டில் துள்ளட்டும்.
இதை யாரும் சொல்லவில்லை.
எட்டாவது பாத்தியில் மண் தின்றபோது
முழங்காலே சொன்னது.

சரிவில் பிறந்தவள் நான்.
இறக்கம் எனக்குப் பழகிய வாசற்படி.
பயம் வந்தது சமதரையில்தான்,
வளைவுக்கு முந்திய இருபது யாரில்.
பிரேக்கா, திரொட்டிலா என்று
தரை கேட்கும்.
பதில் சொல்ல வாய்க்கு நேரமிராது.

பண்டாரவளைக்கு மேலே மொட்டைக் குன்று,
புதியவர் பிரிவு.
பதின்மூன்று பையன்கள், ஒரு நான்.
எரிந்த எண்ணெய் வாசம்,
அதற்கு மேலே யூக்கலிப்டஸ்.
முப்பது செக்கன் பலகை நிமிர்ந்தது.
பிறகு பக்கவாட்டில் திரும்பியது.
கேட் விழுந்தது.

விழுந்தபிறகுதான் தெரிந்தது
நான் நியூட்ரலில் இருக்கிறேன்.
பதின்மூன்று பின்சில்லும்
மலையை அள்ளி என் கண்ணாடியில் எறிந்து போயின.
எல்லோரையும் விடச் சத்தமாய்
நின்ற இடத்திலேயே கர்ஜித்துக்கொண்டிருந்தேன்.
ஒலிபெருக்கியில் யாரோ சிரித்தார்கள்.

கியர் விழுந்தது. போனேன்.
அந்த முதல் சுற்று ஞாபகத்தில் இல்லை,
மூச்சுவிட்டதாகவும் இல்லை.
இரண்டாம் சுற்றில் மேடு என்னைத் தூக்கியது.
ஒரு கொஞ்சம்,
தேயிலை, தண்டவாளம், தூரத்துத் தகரக் கூரைகள்
எல்லாம் என் காலுக்குக் கீழே.
பார்த்திருக்கக் கூடாது.
பார்த்த பக்கம்தான் வண்டி போகும்.

மல்லாந்து கிடந்தேன். வானம் சாம்பல்.
பின்சில்லு காற்றில் இன்னும் ஓட்டப்பந்தயத்தில்.
நெஞ்சுக் கவசத்துக்குள் போன் அடித்தது.

தெரியாத இலக்கம்.
“உங்கட பிள்ளை விழுந்திட்டா,
பயப்பட வேணாம், ஆள் போறாங்க.”
தெரியும், என்றேன்.
“நீங்க யார் பேசுறது?”
சொந்தம்.

மஞ்சள் கொடிக்காரப் பையன் என்னை நிமிர்த்தப் பார்த்தான்.
வண்டியை நிமிர்த்து என்றேன்.
உதைத்தேன். உதைத்தேன். கெட்ட வார்த்தை சொன்னேன்.
நான்காம் உதைக்குக் கோபம் வந்து பற்றியது.

பதினான்கில் பதினான்கு.
முதலாவது வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றி
தேநீர் குடித்து முடித்திருந்தான்.

பைப்படியில் சேறு கழுவும்போது
எஞ்சின் தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில்
ஒரு குட்டி உருளைக்கிழங்கு.
அரியதாசவின் காணியில் ஏறியிருக்கிறது.
கேட்டில் நின்று, பறந்து, விழுந்து,
கடைசி வரை வந்திருக்கிறது.
இரண்டு இடத்தில் முளை.

நிலூக்க அதைத் தூக்கி எறியப் போனான்.
தடுத்தேன். நாளைக்கு அவர் நடுகிறார்,
இதையும் கொடுத்துவிடலாம்.

எங்களுக்கு வேறு காணி பார்க்க வேண்டும்.
கொப்பெட்டிப்பொலைப் பக்கம்
கோவா வெட்டிய தோட்டம் ஒன்று இருக்கிறதாம்.
சரிவு கொஞ்சம் மோசம், என்றான்.
சமதரை எவ்வளவு, என்று கேட்டேன்.