காணும்

தாம்போதி நடுவில் முதல் தரம் நின்றது.
ஐயாயிரம் லீற்றர் நல்ல தண்ணி முதுகில்,
இரண்டு பக்கமும் உப்பு.
விட்டு விட்டு இருமியது, பிறகு
இருமலும் இல்லை.

"டீசல் காணாதக்கா," என்றான் டிலக்சன்,
ஸ்ரான்லி வீதிக் கடையில் பெட்டியைத் திருப்பிக் காட்டி.
பழைய பம் தருவது ஐஞ்சு றாத்தல்.
இது பதினைஞ்சு, கரண்டில் ஓடும், மினுங்கும்.
கூடத் தந்தால் கூட இழுக்கும்தானே.
நானோ உளுந்து வாங்கினாலும்
தராசு என் பக்கம் சரியும்வரை நிற்கிறவள்.
வாங்கினேன்.
டாங்கி அடியில் பூட்டித் தள்ளவிட்டான்.

இரண்டு கிழமை பறந்தது பவுசர்.
மூன்றாம் கிழமை
ஒயில் கோலை இழுத்துத் துடைத்து
மறுபடி விட்டுப் பார்த்தால்
குறையவில்லை.
ஏறியிருந்தது, ஒரு விரல்.
நான் ஊற்றவில்லை. மகன் ஊற்றவில்லை.
பானையில் சோறு தானாய்க் கூடினால்
கோயிலில் போய்ச் சொல்லலாம்.
எஞ்சினில் ஒயில் கூடினால்
பற்றிமாகரனிடம்தான் சொல்லவேண்டும்.

நாவாந்துறையில், பலகையில்லாத கராஜ்.
கோலை மூக்கடியில் பிடித்தான்.
விரலால் தொட்டு விரலோடு உரசினான்.
"டீசல்."
பெரிய பம்மின் அச்சைச் சுற்றி
ஒரு றப்பர் உதடு இருக்காம்.
ஐஞ்சுக்கு வாயை மூடிக்கொண்டிருக்கும்,
ஏழுக்கும் பொறுக்கும்.
பதினைஞ்சில்
உள்ளுக்குள்ளேயே வழிந்திருக்கிறது
நான் பாட்டுக் கேட்டபடி ஓட்டிய வழியெல்லாம்.
"இன்னும் ஒரு கிழமை விட்டிருந்தா
பெயரிங்கைக் கூட்டி அள்ளியிருப்பாய்."

"அப்ப ஐஞ்சு காணாமத்தானே நிண்டது?"
அவன் பதில் சொல்லவில்லை, கீழே படுத்தான்.
டாங்கியிலிருந்து வரும் குழாயைக் கழற்றி
வாய் வைத்து உறிஞ்சினான்.
கன்னம் குழிந்தது, ஒன்றும் வரவில்லை.
ஊதினான், டாங்கிக்குள் கொப்புளம் கேட்டது.
பிளேட்டால் நீளத்துக்குக் கிழித்துக் காட்டினான்:
வெளியே புதுசு.
உள்ளே தோல் உரிந்து ஒரு நாக்கு.
இழுத்தால் எழும்பி வழியை மூடும்,
தள்ளினால் படுத்துக்கொள்ளும்.
அவ்வளவுதான் வருத்தம்.
ஓரடி குழாய்,
இரண்டு கிளிப்.

பழைய பம் இருந்தது, நல்லகாலம்,
பேப்பரில் சுற்றி என் சீற்றுக்குக் கீழ்.
சீலை மாற்றி, ஒயிலை மாற்றி,
லைனில் ஒரு மீற்றரையும் பூட்டினான்.
முள்ளு எழும்பியது, நடுங்கியது,
ஐஞ்சில் குந்தியது.
றேஸ் பண்ணினான், நாலரை.
விட்டான், ஐஞ்சு.
"காணும்," என்றான்,
கையை மண்ணெண்ணெயில் கழுவப் போனான்.

அன்று பின்னேரம் எனக்குக் கிளினிக்.
நேர்ஸ் கைப்பட்டியை ஊதி விட்டாள்.
நூற்று அறுபது.
"பிறசர் கூடிக் கிடக்கு, குளிசை போடுறியளோ?"
நான் சிரித்தது அவவுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தநாள் இறுப்பிட்டிச் சந்தி,
குடமும் கானும் வாளியும் வரிசையில்.
வால்வை முழுக்கத் திறந்தால் குடம் சரியும்,
நல்ல தண்ணி மண்ணுக்கு.
கால் சுற்றுத்தான் திறப்பேன்,
எட்டு வருசமாய்.
அருள்நங்கை கழுத்துக்கு நுரை வருமுன்னம்
கையைத் தூக்குவாள்: காணும், காணும்.
வால்வில் இருந்த கையைப் பார்த்தேன்.
இந்தக் கைதான்
ஸ்ரான்லி வீதியில் காசை எண்ணிக் கொடுத்தது.

டிலக்சன் திருப்பி எடுக்கமாட்டானாம், பில்லில் இருக்காம்.
பெட்டி இப்போது என் சீற்றுக்குக் கீழ்,
மினுங்கிக்கொண்டு.
வளைவுகளில் உருண்டு வந்து
குதிக்காலில் இடிக்கும்.