முப்பத்தேழாம் மரம்

ஹாப்சாலுவில் நவம்பர்.
நான்கு மணிக்கே இருட்டு.
பதினோராம் வகுப்பு எனெலி
லிண்டன் பட்டையில் கம்பிச் சட்டத்தை அழுத்தி
லைக்கன் எண்ணுகிறாள்.
கையுறையைக் கழற்றினால்தான் பென்சில் பிடிபடும்.
கழற்றினால் விரலே பிடிபடுவதில்லை.

சாலையோரம் குறைவாக இருக்கும் என்று
செப்டம்பரிலேயே எழுதிவிட்டாள்.
சாலையோரம்தான் மண்டிக் கிடக்கிறது,
மஞ்சளாய், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

"நாலு எண்ணை மாற்று, போதும்"
என்றான் ராய்கோ, பஸ்ஸைப் பார்த்தபடி.
அவள் அடுத்த மரத்துக்குப் போனாள்.

முப்பத்தேழாம் மரம் இல்லை.
போன வாரம் இருந்தது.
ஈர மரத்தூள், அடிக்கட்டை,
நகராட்சியின் ஆரஞ்சுக் கூம்பு.

அட்டவணையில் பூஜ்யம் போட்டாள்.
அழித்தாள்.
பூஜ்யத்துக்கும் ஒரு மரம் வேண்டும்.

கட்டத்தைக் காலியாக விட்டு
கட்டைமேல் குனிந்து
வளையங்களை எண்ணத் தொடங்கினாள்,
ஆய்வில் இல்லாத கேள்வி.
பஸ் போய்விட்டது.