நூல் பிடித்தாற்போல்

ஹான்காக்கில் இந்தக் குளிர்காலம்
இதுவரை இருநூற்றுப் பத்து அங்குலப் பனி.
அதில் என் பங்கு
தூக்குப் பாலத்திலிருந்து கால்யூமெட் வளைவு வரை,
இரவு பத்து முதல் காலை ஆறு.
பனிவாரி லாரியின் அலகை இறக்கினால்
நூல் பிடித்தாற்போல் போவேன்.
சாண் விலகினால் போதும்,
யாருடைய தபால்பெட்டியோ பறக்கும்.

வீட்டுக்கு வந்து நூலைப் பிடித்தால்
எல்லாம் கோணல்.

வேண்டுமென்றேதான்.
அடிக்கோல் இழுப்பறையில் கிடக்கிறது, கிடக்கட்டும்.
கத்தரி போன போக்கில் துணி,
துணி போன போக்கில் நான்.
வாசலுக்கு எதிர்ச்சுவரில்
வெள்ளை ஃபிளானல் ஒன்று அறைந்திருக்கிறேன்.
துண்டுகள் அதில் தாமாகவே பற்றிக்கொள்ளும்,
பசை வேண்டாம், குண்டூசி வேண்டாம்,
கறுப்புக் கோட்டில் பூனைமுடி மாதிரி.

முதலில் கடுகு மஞ்சள்:
மூடிப்போன மோட்டலின் திரைச்சீலை, ஒரு டாலர்.
பக்கத்தில் ஈரச் சாம்பல்.
இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.
நடுவில் ஒரு விரல் அகலம் சிவப்பு வைத்தேன்.
பேச ஆரம்பித்துவிட்டன.
சிவப்பை எடுத்துப் பார்த்தேன்.
அப்போதும் பேசிக்கொண்டிருந்தன.
சிவப்பு வேறு வேலைக்குப் போனது.

பதினேழு நாள் இப்படி.
பல் துலக்கிக்கொண்டே ஒன்றை நகர்த்துவேன்,
சாக்ஸ் தேடும்போது இன்னொன்றை.
மேல் வலது மூலை மட்டும்
தொண்டையில் மீன்முள்ளாக உறுத்தியது.
என் பழைய ஆரஞ்சு வேலைச்சட்டையை வெட்டி வைத்தேன்,
கத்தியது.
கறுப்பு வைத்தேன்,
சுவரில் ஓட்டை.

இரவல் வாங்கிய பெல்ட்டைத் திருப்பித் தர வந்த
ரெமி லாவியலெட்
பூட்ஸில் பனி சொட்டச் சொட்ட வாசலிலேயே நின்று
கழுத்தைச் சாய்த்துப் பார்த்தான்.
"என்ன, நம்ம ரூட் மேப்பா?"
"இல்லை."
"பின்னே?"
"போர்வை."
"தலைகீழா மாட்டியிருக்கே, ஹெல்வி."

கேலிதான்.
அவன் லாரி தெருமுனை திரும்பும்வரை பொறுத்து
நான்கு ஆணியையும் பிடுங்கி
ஃபிளானலோடு திருப்பி அறைந்தேன்.
மேல் வலது கீழ் இடதாகி
வாயை மூடிக்கொண்டது.
அவனிடம் சொல்லவில்லை.
சொல்லவும் மாட்டேன்.

துண்டுகளை இணைக்க நான்கு வாரம்.
பிறகு பஞ்சு, அடித்துணி, மரவளையம்,
மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையால் ஓட்டுத்தையல்.
மெஷின் இருக்கிறது.
அதுவும் நேராகத்தான் போகத் தெரிந்தது.
என் தையல் அரிசி அளவு;
அசந்தால் அவல்.
ஆரஞ்சுக் கீற்றைக் கடக்கும்போதெல்லாம்
ஊசி கீச்சிட்டது.
விரலில் குத்தி ஒரு பொட்டு ரத்தம்.
சொந்த ரத்தத்துக்குச் சொந்த எச்சில் தடவினால் போய்விடும்,
அடுத்தவர் எச்சிலுக்குப் போகாது என்பார்கள்.
சோதித்துப் பார்க்க
வீட்டில் வேறு ஆள் இல்லை.

பிப்ரவரியில் ஓரிரவு அவசர அழைப்பு.
பாதித் தையலில் ஊசியைச் செருகிவிட்டு ஓடினேன்.
பதினாறு மணி நேரம் அலகைத் தூக்கவில்லை.
முன்கண்ணாடியில் பனி
ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் குத்திக் குத்தி எடுத்தது.
திரும்பி வந்தால் ஊசி இல்லை.
காந்தத்தை வைத்துக்கொண்டு
மண்டியிட்டுத் துழாவினேன்,
இரண்டு இரவு சோபாவில் தூங்கினேன்.
மூன்றாம் நாள் கிடைத்தது, ஜாக்கெட்டின் கைப்பட்டியில்:
கவுண்டி முழுக்க என்னோடு சுற்றியிருக்கிறது,
அரை முழம் நீல நூலை இழுத்துக்கொண்டு.

மார்ச் கடைசியில் விரித்துப் படுத்தால்
பாதம் வெளியே.
கண்ணளவை நம்பியதற்குக் கூலி.
மஞ்சள் தீர்ந்திருந்தது. சாம்பலும்.
எழுந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன்.

ஃபிளானலைப் பிடுங்கி
சாண் அகலத்துக்குக் கிழித்தேன்,
பஞ்சு வைத்துக் கால்மாட்டில் சேர்த்தேன்.
அதில் இன்னும் மஞ்சள் பிசிறு, சிவப்புப் பிசிறு,
வைத்துப் பார்த்து வேண்டாமென்று எடுத்த
கறுப்பின் பிசிறும்.
தட்டிவிடவில்லை.

இப்போது பாதம் மூடுகிறது.
சுவரில் எட்டு ஆணித்துளை.
வெளியே மறுபடி விழத் தொடங்கிவிட்டது.
தொலைபேசி அடிக்கிறது, இது இரண்டாவது மணி.
நாலாவதுக்கு எடுப்பேன்.