எட்டுக் கிழமை

"கோழி வேண்டாம். கோதுமை வேண்டாம்.
முட்டை, பால், மீன், மாடு, சோறு
இதுவரை தின்ற ஒண்டும் வேண்டாம்.
தின்னாத ஒரு இறைச்சி, தின்னாத ஒரு கிழங்கு.
எட்டுக் கிழமை"
துண்டில் எழுதித் தந்தாள் டொக்டர் கஜானனி.
திருநெல்வேலியிலிருந்து உரும்பிராய் வரைக்கும்
ஸ்கூட்டியில் என் கால்களுக்கிடையில் நின்று
சொறிந்துகொண்டே வந்தான் சொக்கன்.

வாலடியில் மயிர் இல்லை.
காதுக்குள் புளித்த மா மணம்.
இரவில் பின்னங்கால் சீமெந்தில் அடிபடும்
படபடவென்று, யாரோ கதவைத் தட்டுவதுபோல.
எங்கள் வயதுக்காரர்
கதவுத் தட்டலைச் சும்மா கேட்பதில்லை.
இரண்டு தரம் எழும்பி
வெளிவிளக்கைப் போட்டுப் பார்த்தார் குணசீலன்.
நாய்தான் என்று சொல்லிவிட்டு
விடியும்வரை படுக்கவில்லை.

கிழங்கு மரவள்ளி.
தோல் சீவி, நடுநரம்பு உருவி,
மூடாமல் அவித்து, தண்ணீரை ஊற்றி,
திரும்பவும் அவித்து.
இஞ்சி கிட்டவும் வரப்படாது,
அது மனிசருக்கும் தெரியும்.
இறைச்சி ஆடு.
தீபாவளிக்கு மட்டும் வாங்குகிற வீடு இது,
அதன் எலும்பும் அவனுக்கு எட்டினதில்லை.
இப்போது கிழமைக்கு ஒரு கிலோ.
அவனுக்கு ஆடு,
எங்களுக்குச் சோயாமீற்.

உப்பில்லை. தூள் இல்லை.
என் கை கேட்கவில்லை.
சட்டி கொதிக்கிற சத்தம் கேட்டதும்
தானாக எழும்பித் தூள்ப்பேணியைத் தடவுகிறது.
ஒருநாள் கரண்டி உள்ளே போயே விட்டது.
முந்நூறு கிராம் ஆடு அன்றைக்கு எங்களுக்கு,
ருசியாகத்தான் இருந்தது,
குற்றவுணர்ச்சியோடு.

வெங்காயம் நாய்க்கு நஞ்சாம்.
வேலிக்கு அப்பால் மூன்று பரப்பு வெங்காயம்.
பிடுங்குகிற நாட்களில் சொக்கனைக் கட்டிவைத்தேன்.
சங்கிலியின் நீளத்துக்கு
செம்மண்ணில் அரைவட்டம் போட்டான்.

நாலாம் கிழமை நல்லூரில் கொடியேறியது.
இருபத்தைந்து நாள் வீட்டில் மச்சம் இல்லை.
குணசீலன் ஒன்றும் சொல்லவில்லை,
என் சட்டியை மட்டும் பார்த்தார்.
பின்னேரம் முருங்கைக்குக் கீழே
மூன்று கல் வைத்திருந்தார்.
நெற்றி நிறையத் திருநீறு,
சால்வையால் மூக்கைப் பொத்தி,
முகத்தை மறுபக்கம் திருப்பி
அகப்பையால் துழாவுகிறார்.
"வெந்திட்டுதோ எண்டு பார் அப்பா,
நான் பாக்கேலாது."
பக்கத்தில் சொக்கன்
அவர் பார்க்காத எல்லாவற்றையும்
பார்த்துக்கொண்டு.

ஆறு கிழமை.
சொறி நிற்கவில்லை.
துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.
கடைக்காரன் கோழி கலந்தானோ?
ஆட்டைச் சந்தேகித்தேன், தண்ணீரைச் சந்தேகித்தேன்,
குணசீலனின் சட்டைப்பையைக்கூடச் சோதித்தேன்.

ஒரு விடியல் வேளையோடு எழும்பினேன்.
பாண் ஓட்டோ அதே மெட்டோடு ஒழுங்கைக்குள் திரும்ப
படலையின் கீழ்ச் சந்தால்
வயிற்றைத் தேய்த்து வெளியே போனான் சொக்கன்.
றெஜினோல்ட் இறங்கி
அடிப்பாணைப் பிய்த்து, ஊதி ஆற்றி,
கையிலேயே ஊட்டினான்.

"கோதுமை அவனுக்கு ஆகாது தம்பி."
பெடியனின் முகம் கறுத்தது.
"எனக்குத் தெரியாதக்கா.
அவன்தான் என்ரை முதல் போணி.
அவன் திண்டால் அண்டைக்கு
றோஸ்பாணும் மிச்சமில்லாமல் விக்கும்."
கையைக் காற்சட்டையில் துடைத்தான்,
நஞ்சு பிடித்திருந்த மாதிரி.

திரும்ப முதலாம் நாளிலிருந்து
எட்டுக் கிழமை.

இப்போது றெஜினோல்ட் சந்தியிலேயே
பாட்டை நிற்பாட்டிவிடுகிறான்.
எங்கள் ஒழுங்கையை
களவெடுக்க வந்தவன்போல் கடக்கிறான்.
பாணைத் தவறவிட்ட சனம்
என்னிடம் வந்து முறையிடுகிறது.

வாலடியில் பூனைமயிர் மாதிரி ஏதோ
முளைக்கத் தொடங்கியிருக்கிறது.
வெயிலில் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆறு மணி.
மரவள்ளிக் கோப்பையோடு நிற்கிறேன்.
சத்தமில்லாத ஓட்டோவுக்கு
ஒரு காதை நிமிர்த்துகிறான்,
என்னைப் பார்க்கிறான்,
திரும்பவும் படலையை.