முப்பத்தொன்பதாவது பிழை

பாம்பன் ஐஸ் கம்பெனி மாடியில்
அமோனியா நெடிக்கு நடுவே
ஏழு பிளாஸ்டிக் நாற்காலிகள்.
எட்டாவது ஆள் வந்தால்
காலித் தண்ணீர்க் கேனைக் கவிழ்த்துப் போடுவோம்.
மொழி வளர்கிறதா என்று பார்க்க
அந்தக் கேன் ஒன்றுதான் எங்கள் அளவுகோல்.

இன்னாசி அதை எழுத ஆரம்பித்தது ஒரு தடைக்காலத்தில்.
அறுபத்தொரு நாள் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்க
கம்பெனிக்குக் கணக்கு மட்டும் பாக்கி.
சின்னதா ஏதாச்சும் செஞ்சு தர்றேன் என்றவன்
முடித்தபோது அது ஒரு நிரல்மொழியாக இருந்தது.
ஓரா என்று பெயர் வைத்தான்.
ருசியான மீன்தான், முள்ளு குத்தினால் கடுக்குமே என்றேன்.
தெரியும், அதனாலதான் என்றான்.

பிறகு கீழக்கரையிலிருந்து நூருல் ஹிதாயா வந்தாள்.
பிழைச்செய்தி இப்படியா வள்ளென்று விழும் என்று
ஒவ்வொன்றாய் மாற்றி எழுதினாள்:
'பதினான்காம் வரியில் ஓர் அடைப்புக்குறி
திறந்தே கிடக்கிறது. சாத்திவிடுங்கள்.'
அந்த 'விடுங்கள்' பிடித்துப்போய்
தொண்டியில் இரண்டு பேர், சாயல்குடியில் ஒருவர்,
பிறகு போர்ச்சுக்கலில் யாரோ ஒருவர் சேர்ந்தார்.
அவருக்குத் தமிழ் தெரியாது.
திட்டவில்லை என்பது மட்டும் தெரிந்ததாம்.

மூன்றாம் வருடம் இன்னாசி தோஹாவுக்குப் போனான்.
கடவுச்சொற்களை ஒரே செய்தியில் அனுப்பி
கீழே 'பாத்துக்கங்க' என்று ஒரு சொல்.
அடுத்த வாரமே சண்டை.

இரண்டாம் பதிப்பில் பழைய நிரல் ஓடாது என்றாள் ஹிதாயா.
அடித்தளமே கோணல், எத்தனை நாள் ஒட்டுப்போடுவது.
எமரிட் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினான்.
'பழைய பாலத்த இடிச்சிட்டா புதுசக் கட்டுனாங்க?
பக்கத்துலதான கட்டுனாங்க.'
'நிக்கிது. ரயில் போகுதா அதுல?'
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

பட்டியலில் முப்பத்தொன்பதாவது பிழை என் பங்கு.
எந்த எண்ணிலும் அரை வந்தால்
ஓரா அதை விழுங்கிவிடும்.
ரெண்டரை பார் ஐஸ், ரசீதில் ரெண்டு.
ஒரே வரி. திருத்தி, சோதித்து, அனுப்பிவிட்டு
டீக்குக் கிளம்பும்போது
கீழிருந்து நம்புராஜன் படியேறி வந்தார்,
கையில் ரசீது, சட்டை முழுக்க ஐஸ் தூள்.

'அரை ஏன் பில்லுல ஏறுது?'
'இத்தன நாளா ஏறாததுதான் தப்பு. சரி பண்ணிட்டேன்.'
'தப்பா? நாட்டுப்படகு பூரா
ரெண்டரை ரெண்டரையாத்தான் எடுக்குது.
விலையும் அதுக்குத் தக்கன ஏத்தியாச்சு.
நீங்க இதத் திருத்துனா
நாங்க எதத் திருத்துறது?'

பலபேர் பலநாள் பிழையாய்ச் சொன்னது
ஒருநாள் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்,
வழக்கு என்று பெயர் வாங்கிக்கொண்டு.
தகராறுக்கும் அதே பெயர்தான்.
அன்று மாடியில் இரண்டும் இருந்தன.

ஓரா எங்கள் கையைவிட்டுப் போனது
இன்னாசி விமானம் ஏறிய நாளில் என்றுதான்
அதுவரை நினைத்திருந்தேன்.

நான்குக்கு மூன்று என்று வாக்கு.
திருத்தம் இருக்கும்;
பழையபடி வேண்டுவோருக்கு 'அரைப்பார்' என்றொரு சொல்.
அசிங்கம் என்றாள் ஹிதாயா,
என்றாலும் அதற்கான விளக்கக் குறிப்பை
அவள்தான் எழுதினாள், ராத்திரி ஒன்றரை மணிக்கு.
இப்போது போர்ச்சுக்கல்காரர்
ரொட்டிக்கடைக் கணக்கில் அதைப் போட்டிருக்கிறார்.
எதற்கென்று கேட்கவில்லை.

நேற்றுக் கூட்டத்தில் கேன் பற்றவில்லை.
மண்டபத்திலிருந்து வந்தவள், ஜெனோவா,
படியிலேயே உட்கார்ந்து
மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டாள்:
அரைப்பார்னா என்ன?

ஏழு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தோம்.
கீழே ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓடியது.
அவள் தலையாட்டி
ஏதோ குறித்துக்கொண்டாள்.

எட்டிப் பார்த்தேன். தப்பாய்த்தான் எழுதியிருந்தாள்.
நாளைக்குச் சொல்ல வேண்டும்,
அல்லது
கொஞ்ச நாள் போகட்டும்.